யானையைப் புதைக்கிற கழுகு

உக்குவளைக் கடைத்தெருவில் எனக்குக் கழுகு என்று பட்டப்பெயர். மண் தோண்டுகிற பெக்கோ ஓட்டுகிறேன். வில்கமுவப் பக்கம் யானை செத்தால் குழி தோண்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நக்கலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் எனக்கு வருத்தமில்லை. தலையும் வழுக்கை, பொருத்தமாகவே இருக்கிறது.

நான் சொல்வது பிணந்தின்னிக் கழுகை. அதைப்போல உருப்படியான பறவை கிடையாது. பிணத்துக்குள் தலையை விட்டால் இறகு நாறிப்போகும், அதனால்தான் வழுக்கை. அழுகினதைத் தின்றாலும் அதன் வயிற்றுப் புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும். பருந்துக்குச் சொந்தம். அமெரிக்காவில் இருப்பது வேறு குடும்பமாம், தொழில் ஒன்றானதால் தோற்றமும் ஒன்றாகிவிட்டது. இந்தியாவில் மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. நம் இலங்கையில் எப்போதாவது ஒன்று வழிதப்பி வரும், அவ்வளவுதான். நிலத்துச் சூட்டுக் காற்றில் மிதந்து போகிற பறவைக்குக் கடல் தோதுப்படாது. இங்கே நாயும் காகமும் நீர் உடும்பும் எவ்வளவுதான் தின்னும்? மிச்சம் என் வேலை.

போன வறட்சியில் வயலோரத்தில், ஒரு வீட்டுக் கிணற்றை ஒட்டி, பெண் யானை ஒன்று செத்து விழுந்தது. நான் போனபோது ஊரார் வெள்ளைத் துணி போர்த்தி விளக்கேற்றியிருந்தார்கள். விழுந்த இடத்திலேயே புதைக்க வேண்டும், தாயைக் கட்டை மாதிரி இழுக்கக்கூடாது என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டமாட்டார்களா பின்னே? அவர்கள் வீடுகளில் குழாய்த் தண்ணீர். அந்தக் கிணற்றை நம்பியிருப்பது அந்த ஒரு வீடுதான்.

வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஈவிரக்கமில்லாதவள் என்று ஊர் பேசும். அவள் அங்கேதான் வாழ வேண்டும். நான் இருட்டுவதற்குள் உக்குவளைக்குப் போகிறவன், எனக்கென்ன?

"இங்க தோண்ட மாட்டேங்க. எல்லாம் ஊறி கிணத்துக்குத்தான் வரும்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

பொழுது போகிறது என்றார் வந்திருந்த வனவிலங்கு அதிகாரி. போகட்டும் என்றேன். யானையின் காலில் சங்கிலி மாட்டி, கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் வெகுதூரத்தில் இருந்த தரிசுக்கு இழுத்தேன். துணி கிழிந்தது. மனிதனா இவன் என்று யாரோ கத்தியது இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெரிய உடம்பு புழுதியில் போவதைப் பார்க்க எனக்கு மட்டும் பாவமாக இல்லையா? ஆனாலும் நிறுத்தவில்லை.

மூடிவிட்டு வந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாகக் கிடைக்கிற பிளேன்டீயும் இல்லை. அந்தப் பெண் மட்டும் கிணற்றில் வாளியை இறக்கினாள். கை கழுவ ஊற்றினாள். பிறகு ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினாள். பிண வாடை போகாத கையால் வாங்கிப் பாதி குடித்தேன். டம்ளரைத் திருப்பி வாங்கியவள், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மிச்சத்தைத் தன் பிள்ளைக்குப் புகட்டினாள்.