ஈட்டி விழுகிற இடத்தில் நிற்பவன்

ஈட்டி எறிகிறவனுக்கு மெடல், வேடிக்கை பார்க்கிறவனுக்குச் சந்தோஷம், ஈட்டி விழுகிற இடத்தில் கொடியோடு நிற்கிறவனுக்கு வசவு: எங்கள் தொழிலில் பங்கீடு இப்படித்தான். பரீட்சை ஹாலில் காவல் நிற்கிற வாத்தியார்களே, ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர்களே, எடைக்கல்லைச் சோதிக்கிற அதிகாரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர். சுற்றுவட்டாரத்தில் ஈட்டி எறியும் போட்டி எங்கே நடந்தாலும் என்னைக் கூப்பிட்டு மைதானத்தின் அந்தக் கோடியில் நிறுத்திவிடுவார்கள். ஈட்டியின் முனை முதலில் தரையைத் தொட்டால் நான் வெள்ளைக் கொடியைத் தூக்கி அந்த இடத்தில் முளை அடிக்க வேண்டும். வாலோ வயிறோ முதலில் பட்டால் சிவப்புக் கொடி. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் அந்த எறி செல்லாது.

புழுதிதான் சாட்சி

எங்கள் ஊர் மைதானத்தில் மழை பெய்த மறுநாள் தவிர ஈட்டி குத்தி நிற்காது. மண் அவ்வளவு இறுக்கம். விழுந்த ஈட்டி சறுக்கிக்கொண்டு பத்தடி ஓடும். முனை எங்கே பட்டது என்று கண்டுபிடிக்கப் புழுதியைப் பார்ப்பதுதான் ஒரே வழி. முனை பட்டால் முன்னால் ஒரு பொட்டுப் புழுதி எழும்பும். வால் பட்டால் பின்னால் எழும்பும். கண்ணை இமைத்தால் போச்சு.

நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், மகன் எறிவதைப் பார்க்க உறவுக்காரர்கள் ஒரு வண்டி நிறையப் பேரோடு வந்திருந்தார். பையன் எறிந்தான். அன்றைக்கு எல்லோரையும்விட அதிக தூரம். புழுதி பின்னால் எழும்பியது. சிவப்புக் கொடியைத் தூக்கினேன். தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். சட்டத்தைப் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ஏப்பா, மூக்கு பட்டா என்ன, முதுகு பட்டா என்ன? அம்புட்டுத் தூரம் போயி விழுந்துச்சா இல்லியா?"

பாய் செய்த மரியாதை

ஈட்டியின் நடுவில் கைப்பிடிக்கு நூல்கயிறுதான் சுற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பள்ளிக்கூட ஈட்டியில் கயிறு நைந்து போயிருந்தது. தோல் வியாபாரம் செய்யும் காதர் பாய் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஈட்டியை வாங்கிக்கொண்டு போனார். அவர் மகனும் எங்கள் பள்ளியில்தான் படித்தான். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். முதல் தரமான ஆட்டுத்தோல், ஊசித் தையல் தெரியாத வேலை. தடவிப் பார்த்தால் கையை எடுக்க மனம் வராது.

ஆனால் சட்டம் சட்டம்தான். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கடைக்கே போய், இது செல்லாது பாய், பிரித்துவிடப் போகிறேன் என்று சொன்னேன். ஒரு டம்ளர் டீ வரவழைத்து என்னைக் குடிக்கச் சொன்னார். நான் குடித்து முடித்த பிறகு கேட்டார்: "நூலச் சுத்துனா ஈட்டி, தோலச் சுத்துனா செருப்பா வாத்தியாரே?"

குஜிலியம்பாறை பஸ்

ஈட்டி எட்டரை அடி நீளம். பஸ் கூரையில் கட்டினால் ஆடி ஆடி வளைந்துவிடும் என்று, குஜிலியம்பாறைப் போட்டிக்குப் போகும்போது உள்ளேயே ஜன்னலோரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். வழியில் கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முந்தானை முடிச்சிலிருந்து திருநீற்றை எடுத்து முனையில் பூசினார். வேல் எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று விசாரித்தார். கோயிலுக்கு இல்லையம்மா, பையன்கள் தூர எறிந்து விளையாடுவதற்கு என்றேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "சாமிய எறிஞ்சு வெளாடுறீகளே, வெளங்குவீகளா?"

டெல்லி

இப்படியாக வசவில் பழுத்த ஒருவனுக்கு டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. பல நாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் பெரிய தடகளப் போட்டி. ஆண்கள் ஈட்டி எறிதலுக்குக் கொடி பிடிக்க வரவும். எந்த வருஷம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பழைய பேப்பரைப் புரட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். ஹெட்மாஸ்டர் லீவு கொடுத்துவிட்டு, "நம்ம ஆளு மெடலோட வரணும், பாத்துக்கங்க சார்" என்றார், நானே எறியப் போவதைப் போல.

மைதானத்தைப் பார்த்ததும் திக்கென்றது. எங்கு பார்த்தாலும் பச்சைப் புல். புழுதி எங்கே எழும்பும்? என் சாட்சியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எல்லா எறிகளுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நல்ல வேளை, பெரும்பாலும் ஈட்டி புல்லில் குத்தி நின்றது.

கடைசிச் சுற்று. நம் நாட்டு வீரர் நாலாவது இடத்தில் இருந்தார். ராணுவத்துக்காரர், பஞ்சாபி, ஆறடி உயரம். அவருக்கு ஒரே ஒரு எறி பாக்கி. ஓடி வந்து எறிந்தார். ஈட்டி மூன்றாம் இடத்துக்காரரின் முளையைத் தாண்டி என் எதிரே வந்து விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஆனால் வால்தான் முதலில் தரையில் பட்டது, என் கண் பார்த்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், வெள்ளைக் கொடியின் பக்கம் ஒரு விரல் போனது. புல்லில் நடந்தது யாருக்குத் தெரியப் போகிறது? அப்புறம் சிவப்பைத் தூக்கினேன்.

அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. தலைமை நடுவர் ஓடி வந்து நிச்சயமாகத் தெரியுமா என்றார். மண்டியிட்டுப் புல்லை விலக்கிக் காட்டினேன். முனை கிழித்த தடம் இல்லை. புல் படுத்திருந்தது, அவ்வளவுதான். வீரரும் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் குனிந்து, புல்லைத் தடவி, ஏதோ சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். எனக்கு இந்தி தெரியாது. பக்கத்தில் அளவு நாடா பிடித்திருந்த பம்பாய்த் தமிழர் சொன்னார்: "கையை விட்டுப் போறப்பவே தப்புன்னு தெரிஞ்சுதாம். நீங்க பார்க்காம இருந்திருக்கலாம்னு ஆசைப்பட்டாராம்."

அன்று நான் சாப்பிடவில்லை.

ஊர் வரவேற்பு

எனக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஹெட்மாஸ்டர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். எது வேண்டுமானாலும் பியூன் மூலம் சீட்டு வரும். டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். இனி வெளியூர்ப் போட்டி எதற்கும் எனக்கு லீவு கிடையாது என்றும் ஒரு சீட்டு வந்தது. அதுதான் சுட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று நடந்ததை முழுதும் சொன்னேன். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "டெல்லி வரைக்கும் ரயிலேறிப் போயி நம்மாளத்தான் தோக்கடிக்கணுமா? அதுக்கு இங்கிட்டு இருக்குற நத்தத்துக்காரங்க பத்தலியா?"

தபால் கார்டு

ஒன்றரை வருஷம் கழித்துப் பள்ளிக்கூட விலாசத்துக்கு எனக்கு ஒரு கார்டு வந்தது. தபால்காரர் படித்து, குமாஸ்தா படித்து, ஹெட்மாஸ்டர் படித்து, நாலாவதாக என் கைக்கு வந்தது. அந்தப் பஞ்சாபி வீரர் எழுதியிருந்தார். பம்பாய்க்காரரிடம் என் விலாசத்தை வாங்கினாராம். இங்கிலீஷில் நாலே வரி. வெளிநாட்டில் நடந்த போட்டியில் மூன்றாவதாக வந்துவிட்டார். முனைதான் முதலில் விழுந்ததாம். ஆனால் கொடி பிடித்தவர் நான் இல்லையே, அதனால் அளந்து முடிக்கும்வரை அவருக்கே நம்பிக்கை வரவில்லையாம். படிக்கும்போது எழுத்து மங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஹெட்மாஸ்டர் பியூனைக் கூப்பிடாமல் என்னிடம் நேராகப் பேசினார்: "அடுத்த போட்டி எப்பன்னு சொல்லுங்க சார், லீவ இப்பவே எழுதிருவோம்."

இத்தனை வருஷம் கொடி பிடித்ததில் ஊர் முழுக்க மனத்தாங்கலையும் ஒரே ஒரு தபால் கார்டையும் சம்பாதித்திருக்கிறேன். நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.