ஐந்தாம் தரத் தோலுக்கு இருபது

1989-இல் எங்கள் ஷூ கம்பெனிக்கு கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு ஏசி அறை கட்டிக் கொடுத்தார்கள். தோல் கிடங்கில் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு மின்விசிறிக்காக மூன்று முறை மனு எழுத வேண்டியிருந்தது. அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஷூ செய்கிற கம்பெனியில் வெறுங்காலோடு நுழைய வேண்டிய ஒரே அறை அதுதான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். அந்த அறையில் வேலை பார்த்த வஜீதாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் பெயர் தனகோடி. ஆம்பூர்தான்.

வஜீதாவின் அப்பா வாஹித் பாஷா தோல் பதனிடும் இடத்தில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டியவர். மகளை வேலூருக்கு அனுப்பி பி.எஸ்சி. கணக்கு படிக்க வைத்தார். கல்லூரியில் ஒன்பது மணிக்கு வருகைப்பதிவு. ஆம்பூரிலிருந்து போகிற ரயிலோ வாரத்தில் நாலு நாள் தாமதம். ஆம்பூர்ப் பெண்களுக்கு மட்டும் இரண்டாவது மணியில் பெயர் கூப்பிட வேண்டும் என்று இவள் போய்க் கேட்டிருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே விதிதான் என்றாராம் பிரின்சிபால் அம்மா. "ரயிலுக்கு உங்க விதி தெரியாதே மேடம்" என்று சொல்லிவிட்டு, தாமதமான நாள்களை எல்லாம் எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். பதிவு நேரம் மாறியது. வாய்க்கொழுப்பு என்று ஊரில் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

படிப்பு முடித்து, வேலூரிலேயே ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு எங்கள் கம்பெனிக்கு வந்தாள். அவள் வேலை, நான் கொடுக்கிற தோல் விவரத்தைத் தட்டி, வெட்டுகிறவர்களுக்குச் சீட்டு அச்சடிப்பது. யாருக்கு எத்தனை சதுர அடி தோல் கொடுக்க வேண்டும், அவர் வெட்டியதில் எவ்வளவு கழிவு போனது, எல்லாம் அந்தச் சீட்டில் வரும். நூற்றுக்கு எட்டுக்கு மேல் கழிவு போனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் விழுந்த வாரத்தில் ஒரு மெமோ. மூன்று மெமோ வந்தால் வெட்டும் மேஜையை விட்டு இறக்கிப் பெட்டி தூக்க அனுப்புவார்கள். இது மேனேஜர் கிருஷ்ணராஜ் போட்ட சட்டம்.

முதல் நட்சத்திரம் கவுஸ் பாஷாவுக்கு விழுந்தது. இரண்டாவதும் அவருக்கே.

கவுஸ் பாஷாதான் எங்கள் கம்பெனியிலேயே சிறந்த கை. அதனால்தான் விழுந்தது. முதல் தரத் தோலை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட ஓட்டை என்று ஐந்தாம் தரத்தில் எல்லாக் குறையும் இருக்கும். ஓட்டைகளுக்கு நடுவே இடம் தேடி எடுக்க வேண்டும். ஆகவே மோசமான தோல் நல்ல கைக்குப் போகும். யாரும் எழுதி வைக்காத வழக்கம் இது. இருபத்தாறு வருட அனுபவக்காரரான அவருக்குத்தான் நானே பொறுக்கிப் பொறுக்கி மோசமான தோல் கட்டைக் கொடுப்பேன். புரோகிராம் எழுத வந்த மெட்ராஸ்காரர் இதைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நாங்களாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது எங்கள் தப்பு.

"மூணாவது மெமோ வந்தா வீட்டுக்கே போய்டுவேன் தனகோடி. பெட்டி தூக்க மாட்டேன்" என்றார் பாய். அவர் சொன்னால் செய்கிற ஆள். நான் நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன், செருப்போடு.

"இன்னா மிஷின் இது? ஊர்ல நல்லா வெட்டற ஒரே ஆளைத் திருடன் மாதிரி காட்டுது!"

வஜீதா கோபப்படவில்லை. உட்காரச் சொன்னாள். மெட்ராஸ்காரர் மூலப் புரோகிராமை ஒரு ஃப்ளாப்பியில் விட்டுப் போயிருந்தார், இங்கே யாருக்குப் படிக்கத் தெரியும் என்ற தைரியத்தில். சி ப்ளஸ் ப்ளஸ் என்று அப்போதுதான் வந்திருந்த மொழி. ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் அதை ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாளாம். அதில் 'தோல்' என்று ஒரு கிளாஸ் இருந்தது. தோல் என்றால் தரம் உண்டு, அளவு உண்டு என்று ஒரு தடவை எழுதி வைக்கிற மாதிரிப் படிவம் அது. கிடங்கிலிருந்து போகிற ஒவ்வொரு கட்டுக்கும் மிஷின் அந்தப் படிவத்திலிருந்து ஒன்று உண்டாக்கிக்கொள்ளும். தரமும் அளவும் கட்டுக்குக் கட்டு மாறும். ஆனால் 'கழிவு எட்டு' என்பதை மட்டும் அந்த மனிதர் எல்லாக் கட்டுக்கும் பொதுவாகப் படிவத்திலேயே அடித்து வைத்திருந்தார்.

"அதை மாத்திட்டா போச்சு" என்றாள். எட்டை அழித்து இருபது போட்டாள்.

மறுநாள் காலை எல்லார் சீட்டிலும் இருபது. கழிவுக்கும் சேர்த்தே மிஷின் தோல் கணக்குப் போடும்; அதனால் முதல் தரம் வெட்டுகிறவர்களுக்கும் கூடுதலாகத் தோல் கொடு என்று அச்சாகி வந்தது. மிஷின் சொல்லிவிட்டதல்லவா, நானும் வீம்புக்கு அள்ளிக் கொடுத்தேன். மதியத்துக்குள் முதல் தர அலமாரி காலி. மேனேஜர் வந்து கத்தினார். "யார் கை வச்சது?"

"நான்தான் சார். தப்பு என்னுது. பொதுவா இருந்த எண்ணுல கை வச்சுட்டேன்" என்றாள் வஜீதா. இன்னொரு தடவை தொட்டால் வேலை போகும் என்றார் அவர். எட்டு திரும்பி வந்தது. பாயின் மூன்றாவது மெமோ திங்கட்கிழமை என்று தேதியும் குறித்தார்.

அன்று சாயங்காலம் கம்பெனி கேட்டுக்குள் இருந்த குர்ஷித் பாய் ஸ்டாலில் நானும் வஜீதாவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "நாலு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி" என்று யாரோ கேட்டார்கள். வஜீதா டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

"அண்ணே, சொல்லாதவங்களுக்குக் கடை அளவு. சொன்னவருக்கு அவர் அளவு. ஒருத்தர் கம்மின்னு சொன்னதுக்கு எல்லா டம்ளர்லயும் சக்கரைய கொறைக்கறாரா? நான் அதைத்தான் பண்ணி வச்சேன்!"

அதற்குப் பிறகு அவளுக்குத் தேவைப்பட்டது சரியான எண்தான். சனிக்கிழமை இரண்டு கட்டுகளை மாற்றிக் கொடுத்தேன். எப்போதும் முதல் தரமே வெட்டி, நட்சத்திரமே வாங்காத கங்காதரனுக்கு ஐந்தாம் தரம், கவுஸ் பாஷாவுக்கு முதல் தரம். பாயின் கழிவு ஐந்து. கங்காதரனுடையது முப்பத்தொன்று. அவன் கத்தியை மேஜையில் போட்டுவிட்டுச் சிரித்தான். "இன்னா பாய், இதையா தினமும் வெட்றீங்க?" ஐந்தாம் தரத்தில் பாயின் வழக்கமான கழிவு பத்தொன்பது.

ஞாயிறு முழுவதும் வஜீதா அந்த அறையில் இருந்தாள். வேலை போகும் என்று தெரிந்துதான் இருந்தாள். கிளாஸில் எட்டு அப்படியே இருந்தது, தனி எண் எதுவும் சொல்லாத தரத்துக்கு. ஒவ்வொரு தரமும் தனக்கென்று ஓர் எண் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தாள். ஐந்தாம் தரத்துக்கு இருபது என்று போட்டு, அந்த எண்களைப் புரோகிராமுக்கு வெளியே தனியாக ஒரு ஃபைலில் வைத்தாள். இனி மாற்ற வேண்டுமென்றால் மெட்ராஸிலிருந்து ஆள் வர வேண்டாம். எண்ணை யார் மாற்றினாலும் பக்கத்தில் அவர் பெயரை அடித்தால்தான் மிஷின் ஏற்கும். அந்தப் பெயர் சீட்டிலும் அச்சாகும்.

திங்கள் காலை மேனேஜர் மெமோவோடு வந்தார். பாயின் சீட்டில் நட்சத்திரம் இல்லை. சீட்டைக் கையில் பிடித்தபடியே ஏசி அறைக்குப் போய், ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்கே? எல்லாருக்கும் எட்டுன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். திரும்ப எட்டு போடு."

"போடலாம் சார். ரொம்ப சுலபம். இங்க எண்ணு, இங்க பேரு." நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். "உக்காருங்க."

"நீயே உன் பேரைப் போட்டு மாத்து."

"என் பேரு இருபதுக்குப் பக்கத்துல இருக்கு சார். எட்டுக்கு நீங்கதான் போடணும். ஓட்டைத் தோல்ல எட்டுக்குள்ள வெட்டலாம்னு சொல்றவர் பேரு சீட்டுல வரட்டும். கட்டிங் ஹால்ல எல்லாரும் படிப்பாங்க."

"உன்னை வேலைய விட்டு அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. அதுக்கும் ஒரு காகிதம் வேணும். அதுலயும் உங்க பேரு வரும்."

அவள் அங்கிருந்து நகரவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

கிருஷ்ணராஜ் உட்கார்ந்தார். எட்டைத் தட்டினார். அடுத்த கட்டத்தில் தன் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். அங்கே கை நின்றது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். எட்டையும் அழித்தார். வெளியே போய் ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தார். மெமோவைக் கிழித்தாரா, பையில் வைத்துக்கொண்டாரா தெரியாது. அது வரவேயில்லை.

வஜீதா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம்தான். அடுத்த சீட்டு அச்சடிக்க ஆரம்பித்தாள்.

நான் சீட்டை எடுத்துக்கொண்டு கவுஸ் பாஷாவிடம் போனேன். அவருக்கு உருது படிக்கத் தெரியும், சீட்டில் இருந்த இங்கிலீஷ் தெரியாது.

"கடைசி வரியில இன்னா போட்ருக்கு?"

"அஞ்சாம் தரம். இருபது. வச்சது வஜீதா."

சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கத்தியைக் கல்லில் இரண்டு தடவை இழுத்தார்.

"அடுத்த கட்டைக் குடு. ஓட்டை ஜாஸ்தி இருக்கறதா பாத்துக் குடு."