கொட்டாங்கச்சியில் கொஞ்சம் கரி

என் பையில் எப்போதும் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். அதற்குள் நாலைந்து துண்டு அடுப்புக்கரி. மேலே கிழிந்த வேட்டித் துணி சுற்றிக் கட்டியிருக்கும். எந்த ஊரில் எந்த அறையில் படுத்தாலும் முதல் வேலையாக அதை அவிழ்த்து மூலையில் வைத்துவிடுவேன். ஓசூரில் பத்துப் பேர் படுத்த தகரக் கொட்டகையில், இப்போது வாட்ச்மேனாக இருக்கும் கட்டடத்தின் அறையில், எல்லா இடத்திலும் அது இருந்திருக்கிறது. மந்திரமா என்று கேட்டவர்கள் உண்டு. நாற்றத்தை இழுத்துக்கொள்ளும் என்று சொல்வேன். அது உண்மைதான். அதை எங்கே, எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை மட்டும் போன மாதம்வரை யாரிடமும் சொன்னதில்லை.

தெரிந்துகொண்டது ஆரணியில், என் அண்ணி செய்ததைப் பார்த்து. எட்டாம் வகுப்பில் பாதியிலேயே கிளம்பியவன் நான். பரோட்டாக் கடை, லாரி கிளீனர் வேலை என்று சுற்றிவிட்டு, கலசப்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டப் போனபோது காலில் கத்தி பட்டது. புண் ஆறும்வரை இருக்கலாம் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் பட்டு நெய்பவர். வீட்டின் முன்னறை முழுக்கத் தறிதான். தரையைத் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். அண்ணனும் அண்ணியும் மாறி மாறி உட்காருவார்கள். அவர்களுடைய மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

பாப்பா சாப்பிடமாட்டாள். வாயைத் திறக்கவைப்பதற்குள் அண்ணிக்கு அழுகை வந்துவிடும். அங்கன்வாடி டீச்சர்தான் ஒரு வழி சொன்னாராம். "ஊட்டாதீங்க. தட்ட முன்னாடி வெச்சிட்டு பெசைய வுடுங்க. வெளையாடிக்கினே தானா வாயில போட்டுக்கும்." அன்றிலிருந்து மத்தியானத்தில் வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய கல்யாண பேனர் விரிக்கப்படும். யாரோ ஒரு ஜோடி மாலையும் கழுத்துமாக அதில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மேல் பாப்பா கேழ்வரகுக் கூழும் தயிர்ச்சோறும் வாழைப்பழமும் பிசைவாள். "மாப்ள மூஞ்சில கூழ ஊத்திட்டா பாரு, பொண்ணு வூட்டுக்காரங்க சண்டைக்கு வரப்போறாங்க" என்று அண்ணன் தறியிலிருந்தே கத்துவார். பிசைந்ததில் பாதி பேனருக்கு, கால்வாசி தலைமுடிக்கு, மீதி வயிற்றுக்குள் போகும். வயிற்றுக்குள் போகும் அந்த மீதிக்காகத்தான் அண்ணி அத்தனை வேலையையும் சுமந்தாள்.

அவள் சுத்தம் செய்வதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். முதலில் தண்ணீர் படாமல் தேங்காய் நாரால் வழித்தெடுப்பாள். பிறகு பச்சைத் தண்ணீர், அதன் பிறகு சோப்பு. பேனரை வெயிலில் கவிழ்த்துப் போடுவாள். கடைசியாகப் பாப்பாவின் உள்ளங்கை இரண்டிலும் பிழிந்த எலுமிச்சைத் தோலைத் தேய்த்து, "மோந்து பாரு, வாசன வருதா?" என்பாள். பாப்பா இரண்டு கைகளாலும் மூக்கை மூடிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு இழுப்பாள். பிறகு ஓடிவந்து அந்தக் கைகளை என் மூக்கில் வைப்பாள். அடுத்து அண்ணன் மூக்கில். எல்லோரும் "ஆகா" என்று சொன்னால்தான் விளையாட்டு முடியும்.

அந்த விளையாட்டுக்கு அண்ணி வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: தறி இருக்கும் அறைக்குள் தட்டு போகக் கூடாது. பட்டுக்கு நாற்றம் ஒட்டினால் லேசில் விடாது. கல்யாணச் சேலையை முதலில் கண்ணால் பார்ப்பார்கள், இரண்டாவதாக முகத்துக்கு நேரே பிடித்து மோந்து பார்ப்பார்கள்.

சேத்துப்பட்டில் அண்ணியின் பெரியப்பா இறந்துபோனார். சாவு வீட்டுக்குக் குழந்தை வேண்டாம் என்று என்னிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். "மழ வந்தா அடுப்படிலயே வெச்சிக்கோப்பா. தறி ரூம் மட்டும் வாணாம்" என்று அண்ணி வாசலில் நின்று இரண்டு முறை சொன்னாள். மழை வந்தது. அடுப்படி புழுக்கமாக இருந்தது. ஃபேன் தறி அறையில்தான் இருந்தது. ஒரு நாள்தானே என்று பேனரைக்கூட விரிக்காமல் தட்டைத் தறிக்குப் பக்கத்தில் வைத்தேன். பாப்பா ஆசையாகச் சாப்பிடட்டும் என்று ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி, ஒரு முட்டையையும் உடைத்து அடித்து வைத்தேன். அப்போது ஓசூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டு ஒரு போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசினேன்.

திரும்பி வந்தபோது பாப்பா கந்தல் துணியைக் கிண்ணத்தில் முக்கித் தறியில் நீட்டிக் கட்டிய இழைகள் மேல் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். நெசவுக்கு முன் இழைகள் விறைப்பாக நிற்பதற்காக. அண்ணன் இடுப்பில் உட்கார்ந்து அதை அவள் தினம் பார்த்தவள். "கஞ்சி போட்றேன் சித்தப்பா" என்றாள். அப்பா செய்யும் வேலையைத் தானும் செய்கிற பெருமை அவள் முகத்தில் இருந்தது. மீதி முழுவதும் தறிக்குழிக்குள் கொட்டி, மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. வெந்நீர் வைத்து இழைகளைத் துடைத்தேன். குழிக்குள் பினாயில் ஊற்றினேன். அப்படியும் வீச்சம் போகாததால் சாம்பிராணி போட்டேன். ஜன்னலையும் சாத்திவிட்டேன். சாயங்காலம் அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாத்தப்பா ஊத்துன?"

"அடுப்படிலதான் வெச்சேன் அண்ணி. போன் வந்துச்சி. அதுக்குள்ள பாப்பா தூக்கினு ஓடியாந்துட்டா" என்றேன். இரண்டரை வயதுக் குழந்தை மறுத்துப் பேசாது என்பது எனக்குத் தெரியும்.

அண்ணி உள்ளே போனாள். தறியைப் பார்த்தாள். பாப்பாவை இழுத்து அவள் உள்ளங்கைகள் இரண்டிலும் அடித்தாள். பிறகு அந்தக் கைகளை அவள் மூக்கிலேயே வைத்து அழுத்தி, "மோந்து பாரு. நாறுதா? நாறுது பாரு" என்றாள். குழந்தைக்கு முதலில் அது பழைய விளையாட்டு என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். பெரிய மூச்சு ஒன்று இழுத்தாள். பிறகுதான் அழுதாள். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

தறியில் முடியும் தறுவாயில் இருந்த சேலையை மீட்க ஒன்பது நாள் ஆனது. "முட்டைய சுடுதண்ணில போட்டா இன்னா ஆவும்? வெந்துப்பூடும்ல? அதான் நூல்ல புடிச்சிக்கிச்சி" என்று மட்டும் அண்ணி சொன்னாள். பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய மல் துணியால், நாலு நாலு இழையாகத் துடைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தினாள். பட்டு வெயிலுக்கு வெளுத்துவிடும். குழியில் பினாயில் ஊறிய மண்ணை ஒரு முழம் வழித்தெடுத்துக் காய்ந்த மண் போட்டாள். கொட்டாங்கச்சிகளில் கரியை நிரப்பிக் குழிக்குள்ளும் தறிக்கு அடியிலும் வைத்தாள். அந்தக் கரியைத் தினமும் வெயிலில் காயவைத்து மறுபடி வைப்பாள். பால் நாற்றத்தைவிடச் சாம்பிராணிதான் போக மறுத்தது. பத்தாம் நாள் அண்ணன் நெய்து முடித்துச் சேலையை எடுத்துப் போனார். கடைக்காரர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாராம். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

பேனரை அதன் பிறகு விரிக்கவில்லை. விரித்தாலும் பயனிருந்திருக்காது. பாப்பா சோற்றில் கை வைக்கவில்லை. தட்டை முன்னால் வைத்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அண்ணி ஸ்பூனால் ஊட்டினாள். பழையபடி அழுதுகொண்டே ஊட்டினாள். தண்ணீரில் கை நனைந்தால்கூடப் பாப்பா ஒவ்வொருவரிடமும் போய்க் கையை நீட்டி, "நாறுதா?" என்று கேட்பாள். என்னிடமும் கேட்டாள். இல்லை என்றேன். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல சமயம். நான் மறுநாள் ஓசூருக்குப் பஸ் ஏறினேன். குழிக்குள்ளிருந்து ஒரு கொட்டாங்கச்சியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

இடையில் இரண்டு சாவுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் போய்த் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பியதோடு சரி. போன மாதம்தான் ஒரு வாரம் தங்குவதாகப் போனேன். பாப்பா இப்போது காலேஜ் போகிறாள். சமையல் காஸ் அடுப்பில். தறி அதே அறையில், அதே குழியில். மத்தியானம் அவள் தயிர்சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவி, விரல்களை ஒரு நொடி மூக்கருகே கொண்டுபோனாள். நாம் இமைப்பதுபோல, தெரியாமலே செய்கிற காரியம். என்னால் உட்கார முடியவில்லை.

அடுப்படிக்குப் போய், அன்று நடந்ததை அண்ணியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "எனுக்குத் தெரியும்பா. மூணாம் நாளே தெரியும். தறிக்கிப் பக்கத்துல தட்டு வெச்ச வட்டம் சிமிட்டித் தரையில அப்பிடியே இருந்துது. நான்தான தேச்சேன் அத."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல அண்ணி?"

"அடிச்ச பெறவு இன்னாத்த கேக்கறது? எனுக்கு அன்னிக்கி யாரையாவது அடிக்கணும்னு வந்துச்சி. உன்ன அடிக்க முடியுமா?" கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அவகிட்ட சொல்லு."

சொன்னேன். தட்டை அங்கே வைத்தது நான், வெந்நீர் ஊற்றியது நான், பழியை உன்மேல் போட்டதும் நான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அய்ய, ரெண்டு வயசுல நடந்ததுக்கா மூஞ்ச இப்பிடி வெச்சினு இருக்க? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சித்தப்பா. போன்ல பேசிகினு இருந்தியா, அப்பவேவா?" என் பையைப் பார்த்து, "அது இன்னா மூட்ட?" என்று கேட்டாள். அவிழ்த்துக் காட்டினேன். ஒரு கரித்துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒரு வாசனையும் இல்லியே" என்று சொல்லித் திரும்ப வைத்தாள்.

அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. அதைப் பார்த்ததும் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொட்டாங்கச்சியைத் துணியில் சுற்றிக் கட்டினேன்.