பேக்கிங் பேப்பருக்குக் கீழே

நடந்தவை, வரிசைப்படி:

1. டிரெஸ்டனில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.
2. அம்மாவிடம் சொல்லவில்லை. பீலெஃபெல்டில் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மாவுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை எல்லாம் வாசிப்பவள் நான்.
3. குசினி லாச்சியை இழுத்து, கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் சுருளுக்குக் கீழே ஒப்பந்தத்தை வைத்தேன். என் அறையை அம்மா தினமும் கூட்டி ஒதுக்குவார். கேக் மட்டும் செய்யமாட்டார்.
4. ஞாயிறு மத்தியானம், இங்குள்ள தமிழர்கள் புனைபெயரில் எழுதும் இணையக் குழுவில் கேட்டேன்: "வேறு நகரத்துக்குத் தனியாகப் போவதை அம்மாவிடம் எப்படிச் சொன்னீர்கள்?"
5. மாலைக்குள் முப்பத்தொரு பதில்கள்.

அந்தக் குழுவில் கேள்வி கேட்பவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பாடசாலையில் பெற்றோர் சந்திப்புக்குப் போய், ஒன்றும் விளங்காமல் தலையாட்டியிருக்கிறீர்களா? கணவருக்குத் தெரியாமல் என்ன சாப்பிடுவீர்கள்? இப்படி வாரம் ஒன்று. மென்பொருள் சோதிப்பது என் தொழில். அங்கே பிழைகளை வகை பிரிப்பதுபோல இந்தப் பதில்களையும் ஓர் அட்டவணையில் பிரித்து வைப்பேன். என் கேள்விகளுக்கு நான் ஒருபோதும் பதில் எழுதியதில்லை.

இந்த முறை கேள்வியிலிருந்து ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் நீக்கினேன். கடிதத்தைக் குசினிக்குள் ஒளித்து வைத்திருப்பதை மட்டும் எழுதிவிட்டேன்.

இருபத்தெட்டாவது பதில், செவ்வரத்தம்பூப் படம் போட்ட ஒருவருடையது. "தங்கச்சி, எப்பிடிச் சொன்னாலும் தாய்க்கு ஒண்டுதான். ஆனா பேக்கிங் பேப்பருக்குக் கீழ வைக்காதேங்கோ. ஃபிரீசருக்குள்ள ரோல்ஸ் அடுக்கிறதுக்கு அந்தப் பேப்பர்தான் வேணும்."

பேக்கிங் பேப்பர் என்று நான் எங்கும் எழுதவில்லை. அம்மா ஹாலில் இருந்தார். எழுந்து போனால் ஒன்பது அடி. நான் போகவில்லை. குழுவில் தெரியாத மூத்த பெண்களை எப்படி அழைப்போமோ அப்படியே எழுதினேன்.

"அக்கா, நீங்கள் கடிதத்தை வாசிச்சனீங்களோ?"

"ஓம். அகராதி வைச்சு, ரெண்டு மணித்தியாலம். வருசத்துக்கு முப்பது நாள் லீவு இருக்கு, பரவாயில்லை. அங்க ஆரும் பெடியன் இருக்கோ?"

"இல்லை அக்கா."

"இருந்தாச் சொல்லுங்கோ. உங்கட அம்மாட்டச் சொல்லமாட்டன்."

இடையில் ஒருவர் புகுந்தார். "அக்கா, நீங்கள் என்ன பொலிஸோ?"

"நீர் உம்மட வேலையைப் பாரும், தம்பி."

வீட்டில் அம்மா எனக்கு 'நீங்கள்' போட்டதில்லை. பெடியன் பற்றிக் கேட்டதும் இல்லை. அடுத்து நான் எழுதிய கேள்வியை நானும் வீட்டில் கேட்டிருக்கமாட்டேன்.

"டொக்டரிட்டப் போக டெர்மின் எடுக்கிறது, அன்ட்ராக் படிவம் நிரப்பிறது எல்லாம் நான்தான் செய்யிறனான். நான் போனா அம்மாவுக்கு வாற கடிதங்களை ஆர் வாசிக்கிறது?"

ஹாலில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

"ஒரு ஒப்பந்தத்தை வாசிச்சு முடிச்ச மனிசி மற்றதுகளையும் வாசிப்பா. விளங்காட்டிப் படம் பிடிச்சு உங்களுக்கு அனுப்புவா. அதுக்காக நிக்காதேங்கோ."

அந்தப் பதிலை அட்டவணையில் எங்கே போடுவது என்று தெரியவில்லை. வகை என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா, "சம்பல் காணுமோ, இன்னும் போடட்டோ?" என்றார். "காணும்" என்றேன். மறுநாள் பார்த்தபோது ஒப்பந்தம் லாச்சியில் இல்லை. என் மேசையில், மடிப்பு நிமிர்த்தி, மேலே ஒரு பேனாவோடு இருந்தது.

செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் முதலாம் திகதி வேலை தொடங்குகிறது. இன்று காலை காப்புறுதிக் கடிதம் ஒன்று வந்தது. அம்மா அதை என்னிடம் தராமல் அகராதியோடு உட்கார்ந்திருக்கிறார். டிரெஸ்டன் பற்றி வீட்டில் நாங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.