சௌந்தரி அடிக்க மறுத்த சொல்

ஞானசௌந்தரி இறந்துவிட்டதாக அவருடைய தங்கை எழுதிய அஞ்சலட்டை செவ்வாய்க்கிழமை காரியாபட்டியிலிருந்து வந்தது. அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டைப் அடித்தவர்கள். அங்கே இருந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். பொருள் புரியாத இங்கிலீஷ் சொல்லை அடிக்க மாட்டார். "எல்லாரும் அடிக்கிறாகன்னு நாமளும் அடிக்கணுமா?" என்பார்.

எம். புதுப்பட்டியில் இருந்த எங்கள் கம்பெனி ஷெட்டில் தீப்பிடித்து, பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த மாரியம்மாள் செத்துப்போனாள். மூன்றாம் நாள் முதலாளி சாப்பிட்டுவிட்டு வந்து, பல் குத்திக்கொண்டே அதிகாரிகளுக்குக் கடிதம் சொன்னார். விபத்துக்கு அவளுடைய கவனக்குறைவுதான் காரணமாம். அதற்காகக் கம்பெனி 'ரெக்ரெட்' பண்ணுகிறதாம். நாலு பேருக்கான அறையில் சீசன் அவசரத்துக்குப் பதினொரு பேரை அடைத்திருந்தது எங்கள் மூவருக்குமே தெரியும்.

சௌந்தரி எழுந்துபோய் அகராதியைப் புரட்டினார். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினைச்சொல் அது. செத்தவர்களை நினைத்துப் புலம்பி அழுவது என்பதுதான் அதன் ஆதிப்பொருள் என்று போட்டிருந்தது. அதை வாசித்துக் காட்டிவிட்டு, "நீங்க அழுதீகளா?" என்று கேட்டார்.

முதலாளி பல்குச்சியைத் துப்பினார். "எல்லாக் கம்பெனியும் எழுதுறதுதானம்மா. அடிங்க."

"நான் அடிக்க மாட்டேன்" என்று மெஷினை மூடிவிட்டு வெளியே போனவர், பிறகு வேலைக்கு வரவே இல்லை.

அந்தக் கடிதத்தை நான் அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நன்றாக இருக்கிறது என்று முதலாளி என் முதுகில் தட்டினார். அந்தக் கை பட்ட இடம் நெடுநாள் அருவருத்தது.

பல வருஷம் கழித்து, காரியாபட்டியில் அவர் பாடம் நடத்திய டியூட்டோரியலுக்குப் போனேன். கரும்பலகையில் அதே சொல். முதலில் அழுகை, பிறகு வருத்தம், கடைசியில் கடித வழக்கம் என்று வரிசையாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அடித்தது எனக்கும் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்றேன்.

"மாரியம்மா வீட்டுக்குப் போனீகளா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவள் ஊரான அச்சங்குளம் போனேன். மாரியம்மாளின் புருஷனிடம், அவள்மேல் தப்பில்லை என்பதையும் பொய்யை அடித்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இம்புட்டு நாளா எங்கன இருந்தீக?"

சௌந்தரியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்மேல் எனக்குள்ள இந்த அருவருப்புதான். இதை ஆற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.