பச்சைக் களிம்பு

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் அரசப்பனின் நகைப்பட்டறையில் வேலை அற்றுப்போனது. அண்டா, செம்புகளுக்கு ஓட்டை அடைத்துப் பல வருடங்கள் பிழைத்தார். 1979-இல் கல்லல் சாலையில் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று வந்தது. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவர் என்று அவரைத் தினக்கூலிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை.

பொட்டலில் உயரமான இரும்புக் கோபுரம். உச்சியில் மூன்று கிண்ணங்கள் காற்றில் சுழலும். அந்த வேகத்தை ஒரு கருவி எண்ணாக மாற்றி, எழுத்து எழுத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக, கம்பி வழியே அறையிலிருந்த கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நடுவில் கொஞ்சம் தடைபட்டாலும் தாளில் எண்ணுக்குப் பதில் குப்பைதான் அச்சாகும்.

கம்பி நீளம் போதாததால் கோபுரத்தடியில் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அதற்கென்று பிசின் வைத்த ஈயம் கொடுத்தார்கள். அரசப்பன் அதை நம்பவில்லை. திராவகம் தொடாமல் அவர் எந்த ஒட்டும் போட்டதில்லை. வீட்டிலிருந்து குப்பியைக் கொண்டுவந்து, கம்பி முனைகளைத் தோய்த்துப் பற்றவைத்தார். பட்டறையாக இருந்தால் அடுத்து புளித்தண்ணீரில் அலசியிருப்பார். பொட்டலில் தண்ணீர் ஏது? துண்டால் துடைத்தார்.

"என்ன பத்தரே, என் வீட்டுக்காரி பார்த்தா காதுல போடக் கேப்பா!" என்று பளபளத்த ஒட்டைப் பார்த்துச் சிரித்தார் என்ஜினியர் இராமநாதன். அரசப்பன் பூரித்துப்போய் டேப்பைச் சுற்றினார்.

ஆடிக்காற்று கிளம்பியது. காற்று வலுத்துக் கம்பி ஆடும்போதெல்லாம் தாள் முழுக்கக் கேள்விக்குறிகள். மறுநாள் மேலதிகாரி வருவதாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அரசப்பன் நிரந்தரம்.

இராமநாதன் காவல்காரன் மலையாண்டியைக் கூப்பிட்டார்.

"உன் ஆடு கம்பியில உரசுறதை நானே பார்த்தேன்."

"நிழலுக்கு ஒதுங்குச்சுங்கய்யா. சினையாடு. கம்பியில வாய் வைக்கலைங்க."

"உன்கிட்ட வந்து சத்தியம் பண்ணுச்சாக்கும்? நாளையிலேர்ந்து வராதே."

பிறகு அரசப்பனிடம் திரும்பி, "ஆடு எங்கே கடிச்சிருக்குன்னு பார்த்துச் சரி பண்ணும்" என்றார்.

அரசப்பன் கம்பியை முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒரு பல்தடம்கூட இல்லை. டேப்பைப் பிரித்தார். அவர் போட்ட ஒட்டெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விரலால் தொட்டதும் ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. அலசாமல் விட்ட திராவகம் உள்ளேயே இருந்து செம்பைத் தின்றிருக்கிறது. பார்த்த உடனே அவருக்குப் புரிந்தது.

வாசலில் மலையாண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அரசப்பன் கூப்பிடவில்லை. பச்சை பிடித்த முனைகளை வெட்டி மடியில் செருகிக்கொண்டார். இந்தத் தடவை பிசின் ஈயத்தையே வைத்துப் பற்றவைத்தார். மறுநாள் அதிகாரி முன்னால், பேய்க்காற்றிலும் எண்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"பார்த்தீரா? ஆட்டை விரட்டினதும் கம்ப்யூட்டர் வாயைத் திறந்துருச்சு!" என்றார் இராமநாதன். எல்லோரும் சிரித்தார்கள். அரசப்பனும் சிரித்தார்.

நிரந்தர வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் மலையாண்டி வழியில் காத்திருந்தான்.

"பத்தரே, நீகதான பிரிச்சுப் பாத்தீக. என்ஜினியரய்யா சொன்னா நம்ப மாட்டேன், நீக சொன்னா நம்புவேன். ஆடு கடிச்சிருந்துச்சா?"

அரசப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உத்தரவு அங்கேதான் இருந்தது.

"கடிச்சிருந்துச்சுப்பா."

"அப்பச் சரி" என்றான் மலையாண்டி. "நான் அவுகளைப் போயித் தப்பா நினைச்சுட்டேன்."

மறுநாள் காலையில் கறிக்கடைக்காரர் மலையாண்டி வீட்டுக்கு வந்து ஆட்டை இழுத்தார். "குட்டி போடட்டும்யா, அதுவரைக்காச்சும் இருக்கட்டும்யா" என்று மலையாண்டியின் மனைவி கருப்பம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "வேலையத் தின்ன ஆடு நமக்கு எதுக்குடி?" என்று மலையாண்டி அவள் கையை மிதித்துக் கயிற்றை விடுவித்தான்.

அந்த வழியாகத்தான் அரசப்பன் வேலைக்குப் போனார்.