உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

பாம்பனில் எது பழுதானாலும் காரணம் ஒன்றுதான். மிக்சி நின்றுபோனால் உப்புக்காற்று. கேட்டின் கீல் இற்றுப்போனால் உப்புக்காற்று. போன் சார்ஜ் ஏறாவிட்டால், கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "தென்கடல் பக்கம் வீடா சார்? அப்பச் சரி" என்பார். பணிக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த நானும் என் மடிக்கணினிக்கு அதே தீர்ப்பைத்தான் வழங்கினேன்.

திரை மஞ்சளாகியிருந்தது. வெள்ளைப் பக்கமெல்லாம் பரணில் கிடந்த செய்தித்தாள்போலத் தெரிந்தது. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். வலது கண்ணில் அப்போதுதான் புரை எடுத்திருந்தார்கள். எடுத்த கண்ணுக்கு உலகம் பளிச்சென்று வெளுத்திருக்கும். எடுக்காத கண்ணுக்கு எல்லாம் டீத்தண்ணீர் ஊற்றியதுபோல இருக்கும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். வலது கண்ணுக்குச் சுவர்க் காலண்டரின் தாள் வெள்ளையாக இருந்தது; அதே கண்ணுக்குத் திரை மட்டும் மஞ்சள். ஆக, கண்மேல் குற்றமில்லை.

மிச்சமிருந்தது ஜன்னல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் இரைந்துகொண்டே இருக்கும். என் மனைவி அந்தப் பக்கத்து ஜன்னலைத்தான் திறந்து வைப்பாள்.

"எத்தன தடவ சொல்றது, கச்சான் அடிக்கும்போது தொறக்காதன்னு? இப்பப் பாரு, திரையே அரிச்சுப்போச்சு."

"காத்து வரலைன்னா உள்ள எப்படி இருக்கறது? அவிச்ச மீனாட்டம் கெடக்கணுமா?"

"மீனுக்கு உப்பு ஒத்துக்கும். லேப்டாப்புக்கு ஒத்துக்காது."

"அப்ப லேப்டாப்பத் தூக்கி அங்கிட்டு வைங்க. நான் எங்கயும் போகலை."

'நான் எங்கயும் போகலை' என்று அவள் சொன்னதில் வேறொரு முள்ளும் இருந்தது. அவள் போயிருக்க வேண்டியவள். எங்கள் ஒரே மகளுக்கு மெல்போர்னில் பிரசவம். கூட இருப்பதற்கு அவளுக்கு விசாவும் வந்துவிட்டது. நான்தான் கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டேன் என்றேன். சொட்டு மருந்து விட ஆள் வேண்டுமே. தள்ளிப்போட்டிருக்கலாம், கண் ஒன்றும் ஓடிப்போயிருக்காது. அவள் பெட்டியில் அடுக்கியதைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் பேத்தியை நாங்கள் பார்த்தது அந்த மஞ்சள் திரையில்தான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் மகள் அழைத்தாள். இங்கே கச்சான் அடிக்கும் காலம் அங்கே குளிர்காலம். திரைச்சீலையை மூடி, ஹீட்டரைப் போட்டு, மூலையில் ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்திருந்தாள். மடியில் துண்டில் சுற்றிய குழந்தை. மனைவி திரைக்கு மூக்கு முட்டக் குனிந்தாள்.

"ஆத்தா, பிள்ள மஞ்சளா இருக்கே. மஞ்சக்காமாலையா இருக்கப்போகுது."

நான் உரக்கச் சிரித்தேன். "இங்க எல்லாமே மஞ்சதான். உங்கம்மா ஜன்னலத் தொறந்து போட்டு லேப்டாப்பக் கெடுத்துட்டா. அந்தத் துண்டப் பாரு, அதுவும் மஞ்ச. துண்டுக்கும் காமாலையா?"

மகளும் சிரித்தாள். "இது வெள்ளைத் துண்டும்மா. அய்யா சொல்றது சரிதான். பிள்ள நல்லா தூங்குறா, எழுப்பினாக்கூட முழிக்க மாட்டேங்கறா. திங்கக்கிழம வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க, பாத்துக்கலாம்."

"நல்லா தூங்குறாளா?" என்று மனைவி கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் அதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

அன்று மாலை அவள் மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் நின்றாள். பழைய டிவி ஆன்டெனாவின் இரும்புக் குழாய் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் இளவயது நினைவுக்கு வந்தது.

அப்போது எங்கள் ஊரில் ஆன்டெனாக்கள் கடலைப் பார்த்து நிற்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலிருந்து வரும் படம்தான் தெளிவாக விழும். காற்றடித்தால் குழாய் திரும்பிவிடும். உடனே மனைவி மாடிக்குப் போவாள். நான் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். மாடிப்படியின் நடுவில் மகள், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் தபால்காரி.

"அம்மா, அய்யாவுக்குப் புள்ளி புள்ளியா தெரியுதாம்!"

"மூஞ்சி என்ன நெறத்துல இருக்குன்னு கேளுடி!"

"பச்சையாம்மா!"

"அது அவுக மொறைச்சுப் பாக்கறதுல பயந்து பச்சையாயிருக்கும். இப்ப?"

இப்ப, இப்ப என்று அவள் குரல் மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். முகம் மனித நிறத்துக்கு வந்ததும் நான் கையை உயர்த்துவேன், மகள் "வந்திருச்சு!" என்று கத்துவாள். மனைவி கீழே இறங்கி வருவதற்குள் பாதி நிகழ்ச்சி முடிந்திருக்கும். சேலை முந்தானையால் முகத்து உப்பைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு கதை?" என்பாள். நான் 'பேசாம பாரு' என்பேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. ஆனால் ஒரு முறைகூட நான் மாடிக்குப் போய் அவளைக் கீழே உட்காரவைக்கவில்லை என்பதும் கூடவே வருகிறது.

மறுநாள் காலை அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "திரை மஞ்சன்னா துண்டும் பிள்ளையும் ஒரே மஞ்சளாத்தான இருக்கணும்? பிள்ள துண்டவிட மஞ்சளா இருந்துச்சு. ஏங்க, நீங்க படிச்சவுகதான, சொல்லுங்க."

அவள் சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் திரையைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

கணினியை அணைத்து மறுபடி போட்டேன். மூடியை மெல்ல அசைத்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. கேபிள் போட்டு டிவியில் இணைத்தேன். டிவியிலும் அதே மஞ்சள். அங்கேயே எனக்குக் கை நின்றுவிட்டது. உப்பு அரித்தது மடிக்கணினியின் திரையை என்றால், டிவி ஏன் மஞ்சளாக வேண்டும்? பழுது திரையில் இல்லை, உள்ளே ஏதோ ஓர் அமைப்பில் இருக்கிறது. செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண் கூசாமலிருக்க இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று உண்டு. அது பகலிலும் ஓடிக்கொண்டிருந்தது. போட்டது யார்? நான்தான். கண் கட்டு பிரித்த அன்று வெளிச்சம் தாங்காமல் போட்டேன். போட்டதை மறந்தேன்.

அணைத்தேன். வெள்ளை வெள்ளையானது.

முதல் நாள் மகள் அனுப்பிய படத்தைத் திறந்தேன். துண்டு பளிச்சென்று வெளுத்திருந்தது. அதற்குள் குழந்தையின் முகம், மகள் விரலுக்குப் பக்கத்தில், பூவரசம்பூவின் மஞ்சள் நிறத்தில் இருந்தது. என் தோளுக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

நானே அழைத்தேன். அங்கே முற்பகல். மகள் எடுத்ததும், "உங்கம்மா சொல்றதக் கேளு. நேத்து நான் சொன்னது தப்பு" என்று மடிக்கணினியை மனைவி பக்கம் திருப்பினேன்.

"திரைச்சீலைய விலக்கு ஆத்தா. பிள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டு வா. மூக்கு மேல வெரல வச்சு லேசா அமுக்கி எடு. அந்த எடம் என்ன நெறம்?"

திரைச்சீலை விலகும் சத்தம் கேட்டது. பிறகு மகள், "அம்மா, மஞ்சளா இருக்கு. கண்ணு வெள்ளையும்" என்றாள்.

"பால் குடிக்கிறாளா?"

"நேத்துல இருந்து சரியா குடிக்கல."

"கெளம்பு. போனை வைக்காத, மாப்பிள்ளை கையில குடு. இப்பவே கெளம்பு."

மருத்துவமனையில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம். அந்தச் 'சரியான நேரம்' முதல் நாளாக இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவள் சொல்லிக்காட்டியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

அடுத்த அழைப்பில் திரை முழுக்க நீலம். என் கை தானாகவே செட்டிங்ஸ் பக்கம் போனது. மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. அது அங்க உள்ள வெளிச்சம்."

காமாலை இறங்க வைத்த நீல விளக்குக்குக் கீழே, கண்ணுக்குத் துணி கட்டி, குழந்தை கைகாலை உதறிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. அழுகிறாளே என்று மனைவி சிரித்தாள், அழவும் செய்தாள்.

வீடு திரும்பிய பிறகு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்து மகள் பேத்தியைக் காட்டினாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து மனைவியைத் திரைக்கு நேராக உட்காரவைத்தேன்.

"இப்ப? நெறம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் அவசரப்படவில்லை. "காது மடல்ல இன்னும் கொஞ்சம் இருக்கு. எறங்கிரும்."

தென்பக்க ஜன்னல் திறந்துதான் இருந்தது. காற்று மடிக்கணினியின் மேல் நேராக அடித்தது.

"சாத்தட்டுமா?" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அரிச்சுப்போகுமே."

"கெடக்கட்டும்" என்றேன்.